மீதிப் பதின்மூன்று

முத்துப்பேச்சியைத் திருடி என்று போடிநாயக்கனூருக்குச் சொன்னது நான்தான். வாயால் சொல்லவில்லை. பத்துக்கு ஆறு அடியில், நாலு கலரில் அச்சடித்துச் சொன்னேன். கம்பியில் கட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் வளையமும் அடித்துக் கொடுத்தேன். என் பெயர் சஜ்ஜாத். பஸ் ஸ்டாண்டுக்கு மேற்கே ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள், எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். எதை அடிக்கிறோம் என்று பார்க்கிற பழக்கம் என்னைவிட்டுப் போய்ப் பல வருசம் ஆகிறது. எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பேன். அந்தப் போர்டில் எழுத்துப்பிழை இல்லை.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நிதானமாக எழுதினால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சியக்காவுக்கு ராசிங்காபுரம் சொந்த ஊர். பதினாறு வயதில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போனவர். அட்டை கடித்த தழும்பு கணுக்காலில் இன்றும் இருக்கிறது. ஜீப் ஓட்டும் தவசியைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மலை ஏற முடியாமல் கீழே வந்து, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருசம் அந்த வேலை. கடைசிப் பதினோரு வருசம் அழகுராஜா முதலாளியின் கிட்டங்கியில்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்த ஏலக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகத் தரையில் உட்காருவார்கள். காம்பைக் கிள்ள வேண்டும். வெடித்தது, வெளுத்தது, பூச்சி விழுந்தது எல்லாம் தனியே போக வேண்டும். உள்ளே அரிசி, அதாவது விதை, இல்லாத பொக்குக் காய் பார்வைக்கு நல்ல காய் மாதிரியே இருக்கும். பேச்சியக்கா அதை இடது உள்ளங்கையில் போட்டதுமே ஒதுக்கிவிடுவார். மூக்கருகே ஒரு பிடி கொண்டுபோனால், இந்த மூட்டை உலர்ந்தபோது புகை அடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் பேச்சி பார்த்த மூட்டையா என்று கேட்டு வாங்குவார்கள். ஒரு தடவை, போன வருசத்துக் காயைப் புதுக் காயோடு கலக்கச் சொன்ன முதலாளியையே எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவரும் கலக்காமல் விட்டார்.

இரண்டு விஷயம் இதில் முக்கியம். காம்பு கிள்ளக் கிள்ளக் காயின் எண்ணெயும் தூசியும் விரலில் ஏறி வழுக்கும். அதனால் இடுப்பில் ஒரு துணியைச் செருகியிருப்பார்கள். ஏழெட்டுக் கிள்ளுக்கு ஒரு தடவை கை தானாக இடுப்புக்குப் போய்த் துடைத்துக்கொண்டு திரும்பும். கேட்டால் துடைத்தேனா என்பார்கள். அவர்களுக்கே தெரியாது. இரண்டாவது, சாயங்காலம் எழுந்ததும் ஒவ்வொருத்தியும் கிட்டங்கி வாசற்படியில் நின்று மடியை உதறிவிட்டுத்தான் வெளியே போவாள். சேலை மடிப்பில் ஒட்டிய காய் ஒன்றிரண்டு விழும். அதைக் கூட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். எந்த முதலாளியும் போட்ட சட்டமில்லை. பெண்கள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். ஒருவர் காய் இன்னொருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் மானம்.

போன ஆவணியில் கேமரா வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று, ஏஐ கேமரா என்று சொல்லி, நாலு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் கிட்டங்கிக் கூரையில் மாட்டியது. கம்பெனி ஆள் ராம்பிரசாத் என்ற இளைஞர். நல்ல மரியாதையான பிள்ளை. இது உங்களுக்குத் தொந்தரவே தராது, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் என்று பெண்களிடம் சொன்னார். சும்மா பார்க்கிறதுக்கு எதுக்குய்யா இத்தனை செலவு என்று பேச்சியக்கா கேட்டிருக்கிறார். அவர் சிரித்திருக்கிறார். கூடவே பின்பக்கம் ஒரு கதவு போட்டார்கள். முகத்தைக் காட்டினால் திறக்கும். இனிமேல் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வாசலில் நின்று மடி உதறி நேரத்தைக் கடத்த வேண்டாம், அதையெல்லாம் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் சில மூட்டைகளில் எடை கொஞ்சம் குறைந்தது. காய் இருக்க இருக்க ஈரம் வற்றி எடை இறங்கும் என்பது போடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இப்போது அவர் அறையில் ஒரு திரை இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. கேட்டார். யார் கை அதிகம் இடுப்புக்குப் போகிறதோ அவர் பெயரை அது மேலே போட்டது. முத்துப்பேச்சி, எண்பத்தேழு சதவீதம்.

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அதிகம் கிள்ளுகிறவருக்கு அதிகம் வழுக்கும். அதிகம் வழுக்கினால் அதிகம் துடைக்க வேண்டும். அந்தக் கிட்டங்கியில் யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று அது சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்தில் திருடி என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கற்றுக்கொடுத்த வீடியோக்கள் எங்கே எடுத்தவை என்று பின்னால் ராம்பிரசாத்தைக் குடைந்து கேட்டேன். ஏதோ ஊரில், எஃகு மேஜை முன்னால் கோட்டுப் போட்டு நின்று வேலை செய்கிறவர்களாம். அவர்களுக்கு இடுப்பில் இருப்பது சட்டைப் பை. கை அங்கே போனால் எதையோ வைக்கத்தான் போகும். சேலை கட்டித் தரையில் உட்கார்ந்த ஒருத்தியைக்கூட அது அதற்குமுன் பார்த்ததில்லை.

முதலாளி ராம்பிரசாத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சியக்காவை அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இவர் கையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு சட்டம். அக்கா வெகுநேரம் அதையே பார்த்தாராம். பிறகு ராம்பிரசாத் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

“நூத்துல எம்பத்தேழு போச்சு. மீதி பதிமூணு என்னதுய்யா?”

அது ஒன்றுமில்லைக்கா, அது எப்பவும் கொஞ்சம் இருக்கும் என்று அவர் சொன்னார். முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை, மெஷின் சொல்கிறது என்றும் சொன்னார். பதினோரு வருசம் கூடவே இருந்த மனிதனுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அன்று மத்தியானம் முதலாளியிடமிருந்து அந்தப் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. எச்சரிக்கை, பொருள் திருட்டில் கேமராவில் பிடிபட்டவர், யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம் என்று வாசகம். சிவப்புச் சட்டம், எண்பத்தேழு, எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குறிப்பு. எனக்கு அக்காவைத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் போர்டு அடித்தேன். முகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிசம் திடுக்கென்றது. அடுத்த நிமிசம், கேமராவே காட்டிக்கொடுத்திருக்கிறதே, நமக்கென்ன என்று தோன்றியது. முதல் பிரதியில் கலர் விலகி முகம் பச்சையாக விழுந்துவிட்டது. அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு இன்னொன்று அடித்தேன். என் சுறுசுறுப்பைப் பாருங்கள்.

கிட்டங்கிக்கு எதிரே, மலைக்குப் போகும் ஜீப்புகள் திரும்புகிற முக்கில் இரும்புச் சட்டத்தில் போர்டு ஏறியது. தவசி அண்ணன் தினமும் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அதன் கீழேதான் போக வேண்டும். ஜீப்பில் இருக்கும் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்களாம். மூன்றாம் நாள் அவர் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனார். அக்காவுக்குத் தெரிந்து வீட்டில் ஒரே ரகளை. அந்த வழியாவே போ, நாம என்ன எடுத்தமா, சுத்திப் போறவன்தேன் எடுத்தவன் என்று விரட்டியிருக்கிறார். நாலாம் நாளிலிருந்து அவர் அந்த வழியாகவே போனார்.

போடியில் எந்தக் கிட்டங்கியும் அக்காவைச் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு மறுபடியும் மலைக்குக் காய் பறிக்கப் போனார். அங்கே கங்காணியின் போனிலும் அந்தப் படம் இருந்தது. மணிக்கு ஒரு தடவை இவரை மட்டும் கூப்பிட்டுப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான். ஒரு நாள் அப்படிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தவர் சுற்றிலும் பார்த்திருக்கிறார். சரிவு முழுக்கப் பெண்கள் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் பை கட்டியிருந்தது. எல்லோர் கையும் செடிக்குப் போய் இடுப்புக்கு வந்துகொண்டிருந்தது.

“மேல கை மடிக்கிப் போனா சோலி. கீழ போனா களவு. ஒரே கை தம்பி, ஒரே காயி,” என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்று வேலையை விட்டு இறங்கும்போது, தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பிலிருந்து ஒரு பை கரி அள்ளிக்கொண்டு வந்தார். நேரே என் கடைக்கு வந்தார். என் சின்னம்மா மரியம் பீவி அதே கிட்டங்கியில்தான் வேலை பார்க்கிறார். போர்டு ஏறிய நாளிலிருந்து என் வீட்டுப் பக்கமே வரவில்லை. உன் உம்மா படம் வந்தாலும் அடிச்சிருப்பல்ல என்று போனில் ஒரு தடவை கேட்டதோடு சரி. முதல் பிரதி கெட்டுப்போனதையும் அப்போதுதான் அவரிடம் உளறினேன். அதனால் அக்காவைப் பார்த்ததும் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. மூலையைக் காட்டினார்.

“எம் மூஞ்சிய மொத ஒண்ணு தப்பா அடிச்சியாம்ல. மரியம் அக்கா சொன்னாக. அதக் கொண்டா.”

எடுத்துக் கொடுத்தேன். விரித்து, பச்சையாகக் கிடந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்படியே திருப்பிப் போட்டார். ஃபிளெக்ஸின் பின்பக்கம் வெள்ளை. இதில் படம் போடப் போகிறேன் என்றார். அக்கா, உங்களுக்கு வரையத் தெரியுமா என்று கேட்டேன். கை வைத்தால் சுற்றி இழுக்கத் தெரியும், அது போதும் என்றார். என்ன வேண்டும் என்பதையும் சொன்னார். எந்தக் கம்பியில் என்னைத் திருடி என்று போட்டார்களோ அங்கேயே நின்று, போட்டவர்கள் வாயாலேயே நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வேலை கிடைப்பது அப்புறம்.

கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் கொடுத்தேன். கரி ஃபிளெக்ஸில் ஒட்டவில்லை. வடிகஞ்சியில் குழைத்தார், காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்தது. கடையில் ஒட்டுவதற்கு வைத்திருந்த வெள்ளைப் பசையில் கலந்தோம், பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிப் பெண்கள் வந்தார்கள். நாற்பது பேரில் பன்னிரண்டு பேர். மற்றவர்களுக்குப் பயம், அதைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதலில் கை வைத்தது மரியம் பீவி சின்னம்மா. அக்கா சுற்றிக் கோடு இழுத்தார். பிறகு, ஒரு முறம் காயைப் பார்த்து முடிப்பதற்குள் இந்தக் கை எங்கெங்கே போகும் என்று கேட்டார்.

சின்னம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. முறத்தைக் கொடுத்து வேலை செய்யச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்கள். முக்காட்டை இழுக்கத் தலைக்கு. வலிக்கிற முட்டிக்கு. புகை பார்க்க மூக்குக்கு. பக்கத்து முறத்தில் தப்பிக் கிடக்கும் பொக்கை எடுத்துப்போட அங்கே. இருமினால் வாய்க்கு. ஒவ்வொன்றுக்கும் அக்கா கையிலிருந்து ஒரு கோடு இழுத்தார். இடுப்புக்குப் போகும் கோட்டை மட்டும் எத்தனை தடவை போனதோ அத்தனை தடவை அதன் மேலேயே இழுத்தார். அது கயிறு தடிமனுக்கு வந்தது. இன்னொருத்தியின் கை பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை போனுக்குப் போனது, மகன் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஒருத்தியின் கை அடிக்கடி வெறுங்கழுத்துக்குப் போய் எதையோ தேடித் திரும்பியது. அவள் புருசன் செத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதைப் பார்த்துச் சொன்னவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அக்கா அந்தக் கோட்டையும் இழுத்தார்.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு கைகள், ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பதினைந்து கோடுகள். நான் வருசத்துக்கு ஆயிரம் முகம் அச்சடிக்கிறவன். மனிதர்களை இப்படி ஒரு படத்தில் நான் பார்த்ததில்லை. கேமராவுக்கு அந்தத் தடித்த கோடு ஒன்றுதான் தெரிந்தது, மற்ற எதுவும் தெரியவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. இன்னொரு கை வர வேண்டியிருக்கிறது, பதிமூணு வேணும் என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை என் கடை முகப்பில் கட்டினோம். கடைக்கு வந்த நகராட்சிக்காரர் ஒருவர் அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். கட்சிக்காரர் போர்டு கட்டும்போது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது என்று நான் திருப்பிக் கேட்டதும் பேசாமல் போய்விட்டார். படத்துக்கு முன்னால் ஒரு மணைப்பலகை, ஒரு முறம், அதில் ஒரு படி காய், இடுப்பில் செருகித் துடைக்க ஒரு துணி. அக்கா கையில் ஒரு மரச்சட்டம். போட்டோவுக்குப் போடும் சட்டம்தான், கண்ணாடியைக் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தோம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஒரு முறம் காய் கிள்ளலாம். கை இடுப்புக்குப் போனால் அக்கா அந்தச் சட்டத்தை நீட்டி, கையைச் சுற்றிப் பிடிப்பார். ‘எம்பத்தேழு’ என்று மட்டும் சொல்வார். அவ்வளவுதான் ஆட்டம்.

முதலில் டீக்கடைக்காரர் உட்கார்ந்தார். ஆறு கிள்ளில் கையைத் துடைத்தார். சட்டம் வந்து நின்றது. கூட்டம் சிரித்தது. ஒரு ஜீப் டிரைவர் உசாராக இடுப்புப் பக்கமே போகாமல் கிள்ளினார், வழுக்கி வழுக்கிக் காய் ரோட்டில் தெறித்தது, கடைசியில் துடைத்தே தீர வேண்டியதாயிற்று. என்ன கூட்டம் என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒருவர் ஆசைப்பட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே பெல்ட்டைச் சரிசெய்தார். எண்பத்தேழு. அவருக்கு விழுந்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். ராம்பிரசாத்தும் வந்தார். பாண்ட் பையில் போன் அதிர்ந்து கை போனது. சட்டம் வந்ததும் அவர் முகம் சிவந்தது. இல்லக்கா, நான் போன்தான் எடுத்தேன் என்றார். யாரு இல்லன்னா, நீ சொன்னா நான் நம்புறேன் தம்பி என்றார் அக்கா. அதற்குப் பிறகு கூட்டத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒவ்வொருவராகப் படத்துக்குக் கிட்டே போய்க் கோடுகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பதினோரு மணி வாக்கில் அழகுராஜா முதலாளி வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். யார் கொடுத்த தைரியம், என் தொழிலை ரோட்டில் வைத்துக் கேலி பண்ணுகிறீர்களா, யோக்கியமான கை எதற்கு மடிக்குப் போகிறது என்றார். சின்னப் பிள்ளையில் என் அப்பாவோடு உட்கார்ந்து நானும் காய் பொறுக்கியவன்தான், இப்போது பொறுக்கிக் காட்டுகிறேன் பார் என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

அவர் கை வேலையை மறக்கவில்லை. அத்தனை வேகம். காம்பு ஒரு பக்கம் பறந்தது, பொக்கு ஒரு பக்கம் விழுந்தது. கூட்டம் அமைதியாகப் பார்த்தது. ஏழாவது கிள்ளோ எட்டாவது கிள்ளோ, அவர் கை தானாக வேட்டி மடிப்புக்குப் போய்த் துடைத்துக்கொண்டு முறத்துக்குத் திரும்பியது. அவருக்குத் தெரியவே இல்லை. மறுபடியும் போனது. மூன்றாவது தடவை போனபோதுதான் ஏன் எல்லோரும் இப்படி நிற்கிறார்கள் என்று நிமிர்ந்தார். கை இடுப்பில் இருந்தது.

அக்கா கையில் சட்டம் இருந்தது. நீட்டவில்லை.

முதலாளி எழுந்தார். எழுந்தவர் யாரும் கேட்காமலேயே வேட்டி மடிப்பை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க உதறினார். ஒரு காய் விழுந்து ரோட்டில் உருண்டது. அக்கா அதைக் குனிந்து எடுத்து முறத்தில் போட்டார்.

“உங்களுக்கு ஒதறிக் காட்டணும்னு தோணுச்சுல்ல மொதலாளி? எனக்கு அந்த வாசலத்தேன் அடைச்சுப்புட்டீங்க. நீங்க ஒதறவே வேணாம். நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும். பதினோரு வருசமா உங்களத் தெரியும். என்னைய உங்களுக்குத் தெரியாதா?”

முதலாளி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை காலையில் முக்கில் இருந்த போர்டு இல்லை. மத்தியானம் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து வேலைக்குக் கூப்பிட்டான். முதலாளி என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அக்கா கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, வரச் சொன்னார் என்றான். அப்படியானால் வர முடியாது என்று அனுப்பிவிட்டார். பத்து நாள் இப்படி ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. அந்தப் பத்து நாளில் இரண்டு வியாபாரிகள், பேச்சி பார்த்த மூட்டை இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்வி. பதினோராம் நாள், பெண்கள் வேலைக்கு வரும் நேரத்தில், அந்த வெறும் இரும்புச் சட்டத்தின் கீழே வந்து நின்று முதலாளி சொன்னார்: “பேச்சி எடுக்கல.” இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்தது என் தவறு.

அக்கா வேலைக்குப் போனார். சாயங்காலம் முன்வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார், திறந்தார்கள். இப்போது நாற்பது பேரும் பழையபடி உதறிவிட்டுத்தான் போகிறார்கள். கேமரா மட்டும் கழற்றப்படவில்லை. அது இன்னும் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து யாரை எப்போது காட்டிக்கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் என் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும். மாசியில் ராம்பிரசாத் மறுபடியும் வந்தார். அந்தக் கரிப் படத்தில் கொஞ்சத்தைப் போனில் எடுத்துப்போய்க் கம்பெனியில் காட்டினாராம், எல்லோரும் அசந்துபோனார்களாம். அதை முழுசாகப் படம் எடுத்துக்கொடுத்தால், எந்தக் கை எதற்குப் போகிறது என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், இனித் தப்பே வராது, அக்கா பெயரையும் போடுவோம் என்றார். மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார், அதுதான் கொடுமை. வெறுங்கழுத்தைத் தேடிப் போன அந்தக் கையும் அவருக்கு வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை அடக்கினார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினார்.

மறுநாள் என் கடைக் கத்திரிக்கோலை வாங்கி, படத்திலிருந்து பன்னிரண்டு கைகளையும் தனித்தனியாக வெட்டியெடுத்தார். ஒவ்வொரு கையையும் அந்தந்தக் கைக்காரியிடம் கொடுத்துவிட்டார். பின்பக்கம் இருந்த அவர் முகமும் அதோடு துண்டு துண்டாகப் போனது. சின்னம்மா வீட்டுக்கு ஒரு கண் போயிருக்கிறது, எச்சரிக்கை என்ற சொல்லில் பாதி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. ராம்பிரசாத் வந்ததும் அக்கா கடை முகப்பின் வெறும் கம்பியைக் காட்டினார்.

“பன்னெண்டு வீடு இருக்கு. ஒவ்வொருத்திகிட்டயும் போயி ஒக்காந்து கேளு. குடுக்குறவ குடுக்கட்டும். எல்லாரோடதையும் தூக்கி உங்கிட்டக் குடுக்க நான் யாரு?”

இதுவரை அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

ஓரத்தில் காலியாக இருந்த பதிமூணாவது துண்டு மிஞ்சியது. அது முதலாளிக்கு வைத்திருந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதை என் மேஜையில் விரித்து, கையை வை என்றார். வைத்தேன். சுற்றிக் கோடு இழுத்தார். அன்னைக்கு எம் படம் வந்தப்ப இந்தக் கை எங்க போச்சு என்று கேட்டார். மவுஸுக்கு என்றேன். ஒரு கோடு இழுத்தார். அப்புறம்? வளையம் அடிக்கிற மெஷினுக்கு. இன்னொரு கோடு. அப்புறம் எங்கேயும் போகவில்லை. மேஜையில் போன் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, அவர் நம்பரும் அதில் இருந்தது. போன் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டார். அதற்குக் கோடு இழுக்கவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சிவப்புச் சட்டமும் எண்பத்தேழும் இருந்தன.

அதை மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். போன வாரம் ஒரு துணிக்கடைக்காரர், கேமராவில் எடுத்த ஒரு பெண்ணின் படத்தை அனுப்பி, இவள் திருடி, பெரிசாகப் போட்டுக்கொடு என்றார். யார் பார்த்தது என்று கேட்டேன். கேமரா பார்த்தது என்றார். நான் அந்தப் பெண் யாரென்று விசாரித்து, நம்பர் வாங்கி, அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். போர்டு அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து கடைப்பக்கம் வந்த பேச்சியக்காவிடம் பெருமையாக இதைச் சொல்லி, போனுக்கு ஒரு கோடு இழுத்துவிடுங்களேன் என்று கரியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அந்த மிசினே ஆயிரம் தடவ பாத்துட்டுத்தேன் ஒண்ணு சொல்லுது. நீ ஒரு தடவதேன போன் பண்ணியிருக்க? இன்னும் கொஞ்ச நாள் பாப்போம் தம்பி.”